வெஸ்டர்ன் பிளாட்டில் சிக்னல் வராதபோது முதலில் கேட்க வேண்டிய சாட்சி: பான்சோ எஸ் சாயம், ஒரு மதிப்புரை

ஒரு மாதிரியில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பின்னணி கறுத்துப்போவதும், வேண்டாத பட்டைகள் தோன்றுவதும் தொல்லைதான். ஆனால் அவற்றில் ஆராய்வதற்கு ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. எதுவுமே இல்லாத வெற்றுப் படம் அப்படிப்பட்டதல்ல. செல்களைச் சிதைத்துப் புரதத்தை எடுத்தது, ஜெல்லில் ஓட்டியது, சவ்வுக்கு மாற்றியது, சவ்வின் காலி இடங்களை வேறு புரதத்தால் மூடும் பிளாக்கிங் செய்தது, தேடும் புரதத்தைப் பற்றும் முதல்நிலை எதிர்ப்பொருளிலும் அதைப் பற்றும், நொதி பூட்டிய இரண்டாம்நிலை எதிர்ப்பொருளிலும் ஊறவைத்தது, ஒளிரும் கரைசலை ஊற்றியது, படம் எடுத்தது என்று நீளும் வேலையில் எந்தப் படி தவறியிருந்தாலும் கடைசியில் கிடைப்பது ஒரே மாதிரியான வெறுமைதான். அந்த வெறுமையைப் பார்த்த மாத்திரத்தில் பலரும் எதிர்ப்பொருளின் மீது சந்தேகப்பட்டு, புதிய குப்பியை வரவழைப்பதில் இறங்கிவிடுகிறார்கள். அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால், சோதனையின் பாதி வழியிலேயே, சில நிமிடங்களில் பதில் சொல்லக்கூடிய ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது. பான்சோ எஸ் என்ற அந்தச் சாயத்தை, சிக்னல் வராத பிளாட்டுகளின் காரணத்தைக் கண்டறியும் கருவியாக மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வகத்தில் இதைவிட நுட்பமான சாயங்கள் உண்டு, ஆனால் இதைவிடப் பயனுள்ள சாயம் இந்த வேலைக்கு இல்லை.

பான்சோ எஸ் ஓர் அசோ சாயம். சோடியம் உப்பாக, கருஞ்சிவப்புத் தூளாகக் கிடைக்கிறது. சந்தையில் தூளாகவும் வாங்கலாம், உடனே பயன்படுத்தும் கரைசலாகவும் வாங்கலாம். கரைசலாக வருவதில் மிகவும் பரவலான செய்முறை, 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் 0.1 விழுக்காடு சாயம் என்பது. சிக்மா-ஆல்ட்ரிச் நிறுவனம் விற்கும் கரைசல் இந்த அளவில்தான் அமைந்திருக்கிறது. அமிலச் சூழலில் புரதங்களின் அமினோ தொகுதிகள் நேர்மின் ஏற்றம் பெறுகின்றன. சாயத்தில் உள்ள சல்ஃபோனேட் தொகுதிகள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் புரதம் இருக்கும் இடமெல்லாம் சிவக்கிறது. இந்தப் பிணைப்பு உறுதியற்றது என்பதுதான் இதன் பெருமை. வெறும் நீரில் கழுவினால் பின்னணி வெளுக்கிறது. இன்னும் சற்று நேரம் டிபிஎஸ்டி என்ற கழுவும் கரைசலில் ஆட்டினால் பட்டைகளும் மறைந்துவிடுகின்றன. அதன் பிறகு அதே சவ்வைப் பிளாக்கிங் செய்து, எதிர்ப்பொருள்களுக்குக் கொடுக்கலாம். பார்த்துவிட்டு அழித்துவிடக்கூடிய சாயம் என்பதால், சோதனையை நிறுத்தாமலேயே சோதனையின் நடுவே உண்மையைப் பார்க்க முடிகிறது.

இதன் அருமையை உணர, வெஸ்டர்ன் பிளாட் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹாரி டோபினும் அவருடைய சகாக்களும் 1979-இல் வெளியிட்ட முறையில், பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் பிரிந்த புரதங்களை மின்புலத்தால் நைட்ரோசெல்லுலோஸ் சவ்வுக்கு மாற்றினார்கள். நீல் பர்னெட் 1981-இல் இந்த வகைச் சோதனைக்கு வெஸ்டர்ன் பிளாட்டிங் என்ற பெயரைச் சூட்டினார். அன்று முதல் இன்று வரை, கண்டறியும் வேதியியல் எத்தனையோ மாறியிருக்கிறது; ஆனால் புரதம் சவ்வில் வந்து சேரும் கணம் அப்படியே இருக்கிறது. அந்தக் கணத்துக்கு முன்னால் நடப்பவை எல்லாம் புரதத்தைப் பற்றியவை. அதற்குப் பின்னால் நடப்பவை எல்லாம் எதிர்ப்பொருளையும் நொதியையும் ஒளியையும் பற்றியவை. பான்சோ எஸ் சரியாக அந்த எல்லைக்கோட்டில் நின்று, இதுவரை எல்லாம் சரியா, இல்லையா என்று சொல்கிறது. காரணம் தேடுபவருக்குச் சந்தேகங்களின் பட்டியல் ஒரே வீச்சில் பாதியாகக் குறைகிறது.

இந்தக் கேள்வியை அந்த ஒரு கணத்தில் மட்டுமே கேட்க முடியும் என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். பாலிலோ பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) கரைசலிலோ பிளாக்கிங் செய்த சவ்வில் பான்சோ எஸ்ஸை ஊற்றினால், பிளாக்கிங் புரதமே சாயத்தை ஏற்றுச் சவ்வு முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். மாதிரியின் பட்டைகளைப் பிரித்தறிய முடியாது. ஆகவே, சிக்னல் வரவில்லை என்று மறுநாள் தெரிந்த பிறகு இந்தச் சாயத்தைத் தேடுவதில் பயனில்லை. ஒவ்வொரு இடமாற்றத்துக்குப் பிறகும், பிளாக்கிங் செய்வதற்கு முன்னால், எந்தத் தவறும் நடக்காதபோதும் இதைச் செய்து, படம் எடுத்து வைத்துக்கொள்பவருக்குத்தான் இது உதவுகிறது. நேரம் வீணாகிறது என்று இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் வழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. சிக்னல் வராத ஒரு பிளாட்டுக்குப் பின் செலவாகும் நாட்களோடு ஒப்பிட்டால் அந்தச் சில நிமிடங்கள் ஒரு கணக்கே அல்ல.

இனி, சாயம் காட்டும் படத்தை எப்படிப் படிப்பது என்பதைப் பார்க்கலாம். ஒரு தடத்துக்கு (ஒரு மாதிரி ஓடும் பாதைக்கு) 20 முதல் 30 மைக்ரோகிராம் வரை முழுச்செல் சாறு ஏற்றிய நைட்ரோசெல்லுலோஸ் சவ்வில், இடமாற்றம் நன்றாக நடந்திருந்தால், மேலிருந்து கீழ்வரை நெருக்கமான சிவப்புப் பட்டைகள் ஏணிபோல் தெளிவாகத் தெரியும். எல்லாத் தடங்களும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருக்கும். இந்த இயல்பான தோற்றத்திலிருந்து ஏற்படும் ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு பொருள் உண்டு.

சவ்வு முழுவதும் வெறுமையாக இருந்தால், உடனே ஜெல்லை எடுத்துக் கூமாசி நீலம் என்ற புரதச் சாயத்தை ஏற்றிப் பார்க்க வேண்டும். அதனால்தான் சாயம் முடியும்வரை ஜெல்லைக் குப்பையில் போடாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஜெல்லில் புரதம் அப்படியே இருந்தால் மின்னோட்டம் பாயவில்லை அல்லது இடமாற்றம் தொடங்கவே இல்லை என்று பொருள். ஜெல்லும் வெறுமையாக இருந்தால், புரதம் வேறு எங்கோ போயிருக்கிறது. பெரும்பாலும் ஜெல்லும் சவ்வும் இடம் மாறி அடுக்கப்பட்டிருக்கும். எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருள் பூசிய புரதங்கள் எதிர்மின் ஏற்றம் உடையவை என்பதால் நேர்மின்வாயை நோக்கித்தான் நகரும். சவ்வு அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அவை இடமாற்றக் கரைசலில் கரைந்து போய்விடுகின்றன. அந்தப் புரதத்தை மீட்க வழியில்லை; ஆனால் மறுநாள் முழுவதும் எதிர்ப்பொருளோடு போராடுவதிலிருந்தாவது தப்பிக்கலாம்.

நைட்ரோசெல்லுலோஸுக்கு மாற்றான பிவிடிஎஃப் சவ்வு வெறுமையாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நீரை வெறுக்கும் தன்மை உடையது. முதலில் மெத்தனாலில் நனைத்து, பிறகுதான் இடமாற்றக் கரைசலுக்கு மாற்ற வேண்டும். நனையாத இடத்தில் புரதம் பிணைவதில்லை. இடமாற்றம் முடிந்தபின் சவ்வு காய்ந்துபோயிருந்தால், பான்சோ எஸ் கரைசல் அதன்மேல் பரவாமல் திட்டுத் திட்டாக ஒதுங்கும். அதைப் பார்த்து இடமாற்றம் தவறிவிட்டது என்று முடிவுகட்டாமல், மீண்டும் மெத்தனாலில் நனைத்துப் பிறகு சாயமேற்றிப் பார்க்க வேண்டும்.

நிறமேற்றிய மூலக்கூறு எடைக் குறியீடு (எடை தெரிந்த புரதங்களின் கலவை) சவ்வில் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் மாதிரித் தடங்கள் மட்டும் வெளிறிக் கிடக்கின்றன என்ற தோற்றம்தான் என் பார்வையில் பான்சோ எஸ்ஸின் மிக மதிப்புள்ள செய்தி. குறியீட்டுப் பட்டைகள் சவ்வுக்கு வந்துவிட்டன, ஆகவே இடமாற்றம் நன்றாக நடந்தது என்று பலரும் அந்த நிலையிலேயே திருப்தியடைந்துவிடுகிறார்கள். குறியீடு சொல்வது மின்புலம் வேலை செய்தது என்பதை மட்டுமே. மாதிரியில் புரதம் இருந்ததா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. செல் சிதைவு போதாமல் போயிருக்கலாம். புரத அளவீட்டில் பிழை நேர்ந்திருக்கலாம். உதாரணமாக, பிராட்ஃபோர்டு முறையில் எஸ்டிஎஸ் போன்ற சலவைப்பொருள்கள் குறுக்கிட்டு அளவைத் தவறாகக் காட்டக்கூடும். மாதிரி நீண்ட நாள் வெளியில் இருந்து புரோட்டியேஸ் நொதிகளால் சிதைந்திருக்கலாம். அப்போது மேற்பகுதியில் பட்டைகள் குறைந்து, தடத்தின் அடிப்பகுதியில் மங்கலான மேகம்போல் சிவப்பு தேங்கியிருக்கும். இவற்றில் ஒன்றைக்கூட எதிர்ப்பொருளை மாற்றித் தீர்க்க முடியாது.

தடங்களின் கீழ்ப்பாதி நன்றாகவும் மேல்பாதி வெளிறியும் இருந்தால், பெரிய புரதங்கள் ஜெல்லை விட்டு வெளியே வரவில்லை. இங்கே மெத்தனாலின் இரட்டைக் குணத்தை நினைவில் வைக்க வேண்டும். டோபின் கரைசல் என்று அறியப்படும் வழக்கமான இடமாற்றக் கரைசலில் 25 மில்லிமோலார் டிரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின், 20 விழுக்காடு மெத்தனால் ஆகியவை இருக்கின்றன. மெத்தனால் புரதத்திலிருந்து எஸ்டிஎஸ்ஸை விலக்கிச் சவ்வில் ஒட்டச் செய்கிறது. அதே நேரத்தில் ஜெல்லைச் சுருக்கி, பெரிய புரதங்களின் வழியை அடைக்கிறது. 150 கிலோடால்டனுக்கு (புரத எடையின் அலகு) மேற்பட்ட புரதத்தைத் தேடுபவர் மெத்தனாலைக் குறைத்து, சிறிதளவு எஸ்டிஎஸ் சேர்த்து, குளிரில் நீண்ட நேரம் மாற்றுவது நல்லது. எதிர்ப்பக்கம், 15 கிலோடால்டன் அளவுள்ள சிறு புரதங்கள் 0.45 மைக்ரோமீட்டர் துளை கொண்ட சவ்வை ஊடுருவிப் பின்பக்கம் போய்விடக்கூடும். முழுச்செல் சாறில் ஹிஸ்டோன்கள் என்ற சிறு புரதங்கள் இருக்க வேண்டிய அடிப்பகுதி வெறுமையாக இருப்பதைப் பான்சோ எஸ் காட்டினால், 0.2 மைக்ரோமீட்டர் சவ்வுக்கு மாறுவதும் நேரத்தைக் குறைப்பதும் தீர்வு.

பட்டைகளுக்கு நடுவே வட்டமான வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவை காற்றுக்குமிழிகளின் அடையாளம். உங்கள் புரதம் வர வேண்டிய இடத்தில் ஒரு குமிழி இருந்திருந்தால், மற்ற அனைத்தும் சரியாக இருந்தும் அந்தத் தடத்தில் மட்டும் சிக்னல் வராது. எதிர்ப்பொருளோடு முடிந்த படத்தை மட்டும் பார்ப்பவர் அதை உயிரியல் வேறுபாடு என்று வாசித்துவிடும் ஆபத்து உண்டு. சாயப் படம் கையில் இருந்தால் அந்தத் தவறான வாசிப்புக்கு இடமே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, பான்சோ எஸ் படத்தைத் துணைப் பொருளாகக் கருதாமல் முடிவின் ஒரு பகுதியாகச் சேமிக்க வேண்டும் என்பேன்.

சில மாதிரிகள் வழக்கமான ஏணித் தோற்றத்தைத் தருவதில்லை; அதைக் குறையாகக் கொள்ளக்கூடாது. செல் வளர்ப்பு ஊடகத்தில் சுரக்கப்பட்ட புரதத்தைத் தேடும்போது, ஊடகத்தில் சீரம் இருந்தால் 66 கிலோடால்டன் பகுதியில் ஆல்புமின் தடித்துப் புடைத்து நிற்கும். அதன் அருகில் ஓடும் சிறு அளவுப் புரதங்கள் நசுங்கி இடம் பெயரும். எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்தெடுக்கும் இம்யூனோபிரசிபிடேஷன் மாதிரியில் பெரும்பாலும் 50, 25 கிலோடால்டன் இடங்களில் எதிர்ப்பொருளின் கனச்சங்கிலியும் மென்சங்கிலியும் மட்டுமே தெரியும். அங்கே அவ்விரண்டும் தெரிவதே இடமாற்றம் நடந்ததற்குப் போதுமான சான்று.

வீட்டுப்பராமரிப்புப் புரதங்கள் எனப்படும் ஆக்டினையோ ஜிஏபிடிஎச்சையோ தேடிப் பார்த்தால் இதே செய்தி கிடைக்காதா என்று கேட்கலாம். அரைகுறையாகக் கிடைக்கும். ஆக்டின் சுமார் 42 கிலோடால்டன், ஜிஏபிடிஎச் சுமார் 37 கிலோடால்டன். இரண்டும் செல்லில் ஏராளமாக இருப்பவை, எளிதில் இடம் மாறுபவை. அவை வந்துவிட்டன என்பதால் 250 கிலோடால்டன் புரதமும் வந்திருக்கும் என்று கொள்ள முடியாது. மேலும் அந்தப் பதில் எல்லா வேலையும் முடிந்த பிறகே கிடைக்கிறது. ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி போன்ற ஆய்விதழ்கள், சிக்னலின் அளவை ஒப்பிடும்போது பான்சோ எஸ் போன்ற சாயங்களால் காட்டப்படும் மொத்தப் புரதத்தை அடிப்படையாகக் கொள்ளப் பரிந்துரைப்பதும் கவனிக்கத்தக்கது. சிக்கலைத் தீர்க்க எடுத்த படம் கட்டுரைக்கும் பயன்படுகிறது.

இப்போது மறுபாதி. பான்சோ எஸ் அழகான ஏணியைக் காட்டியது. இருந்தும் சிக்னல் இல்லை. இந்த நிலையில் சாயம் தன் வேலையை முடித்துவிட்டது. இடமாற்றத்தையும் ஏற்றிய அளவையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மீதமுள்ளவற்றைப் பின்னாலிருந்து முன்னோக்கிச் சோதிப்பதே சிறந்த வரிசை என்பது என் உறுதியான கருத்து. ஒரு சிறு சவ்வுத் துண்டில் நொதி பூட்டிய இரண்டாம்நிலை எதிர்ப்பொருளை நீர்த்து ஒரு துளி வைத்து, ஒளிரும் கரைசலை ஊற்றிப் படம் எடுக்க வேண்டும். அது ஒளிர்ந்தால் கரைசலும் நொதியும் படக்கருவியும் நலம். ஒளிராவிட்டால், பெராக்சைடு காலாவதியாகியிருக்கலாம், இரண்டு பாட்டில் கரைசல்கள் ஒன்றோடொன்று கலந்து கெட்டிருக்கலாம், அல்லது கழுவும் கரைசலில் சோடியம் அசைடு இருந்திருக்கலாம். அசைடு, இரண்டாம்நிலை எதிர்ப்பொருளில் வழக்கமாகப் பூட்டப்படும் எச்ஆர்பி நொதியைச் செயலிழக்கச் செய்யும். நுண்ணுயிர் வளராமல் இருக்க எதிர்ப்பொருள் கரைசலில் சேர்க்கப்படும் இந்தப் பொருளை, எச்ஆர்பி வரும் படிக்கு முன்னால் நன்றாகக் கழுவி நீக்க வேண்டும். எச்ஆர்பிக்குப் பதிலாக அல்கலைன் பாஸ்ஃபடேஸ் நொதியைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது பாஸ்ஃபேட். அந்த நொதியைப் பாஸ்ஃபேட் அடக்குவதால், பாஸ்ஃபேட் கொண்ட பிபிஎஸ்ஸுக்குப் பதிலாக டிரிஸ் கொண்ட டிபிஎஸ் கரைசலில் கழுவ வேண்டும்.

அடுத்த துண்டில் முதல்நிலை எதிர்ப்பொருளை ஒரு துளி வைத்து, காய்ந்தபின் பிளாக்கிங் செய்து, இரண்டாம்நிலை எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். முயலில் உருவான எதிர்ப்பொருளுக்கு எலிக்கு எதிரான இரண்டாம்நிலை எதிர்ப்பொருளைக் கொடுத்திருந்தால் அது இங்கே வெளிப்பட்டுவிடும். ஆட்டில் உருவான முதல்நிலை எதிர்ப்பொருள் என்றால் பாலையும் சந்தேகிக்க வேண்டும்; பாலில் உள்ள மாட்டு இம்யூனோகுளோபுலின்கள், ஆட்டுக்கு எதிரான இரண்டாம்நிலை எதிர்ப்பொருளை ஈர்த்து வீணாக்கக்கூடும். இந்த இரண்டு துண்டுகளும் தேறிய பிறகே, முதல்நிலை எதிர்ப்பொருள் நம் புரதத்தை அறிகிறதா என்ற கேள்விக்கு வர வேண்டும். அதற்கு, அந்தப் புரதத்தை உறுதியாகக் கொண்டிருக்கும் ஒரு நேர்க் கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் பதில் கிடையாது. இயல்வடிவப் புரதத்தை மட்டும் அறியும் எதிர்ப்பொருள்கள், எஸ்டிஎஸ்ஸில் பிரிந்து நீண்டுபோன புரதத்தை அறியாமல் போகலாம். செல்லை நிறமேற்றுவதில் சிறப்பாக வேலை செய்த குப்பி வெஸ்டர்னில் மௌனமாக இருப்பதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

இன்னொரு விசித்திரமான நிலையைச் சொல்லாமல் விட முடியாது. சிக்னல் இல்லாமல் போவதற்குச் சில சமயம் காரணம் சிக்னல் மிகுந்திருப்பதே. ஓரிடத்தில் எச்ஆர்பி அளவுக்கு மீறிக் குவிந்தால், படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே அங்குள்ள ஒளிரும் கரைசலின் லூமினாலையும் பெராக்சைடையும் அது தீர்த்துவிடும். படத்தில் பட்டையின் நடுப்பகுதி வெள்ளையாகவோ, பட்டையே இல்லாததுபோலவோ தெரியும். சவ்வை வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்தில் மஞ்சள் அல்லது பழுப்பு நிறக் கறை படிந்திருக்கும். பான்சோ எஸ் படத்தில் தடம் அடர்த்தியாக இருந்து, சவ்வில் இந்தக் கறையும் தெரிந்தால், எதிர்ப்பொருளை மேலும் சேர்ப்பது நேர் எதிரான மருத்துவம். இரண்டாம்நிலை எதிர்ப்பொருளைப் பத்து மடங்காவது நீர்த்துப் பார்க்க வேண்டும்.

பான்சோ எஸ்ஸின் வரம்புகளையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். இதன் உணர்திறன் குறைவு. ஒரு பட்டையில் சுமார் 200 நானோகிராம் புரதம் இருந்தால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு; உணர்திறன் மிக்க வேதி ஒளிர்வு கரைசல்களோ பிகோகிராம் அளவையும் எட்டுகின்றன. ஆகவே நீங்கள் தேடும் புரதம் சவ்வில் இருக்கிறதா என்பதை இந்தச் சாயம் ஒருபோதும் சொல்லாது. அதன் சுற்றத்தார் வந்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்லும். செல்லுக்குள் தகவல் கடத்துவதில் பங்கேற்கும் புரதங்கள் செல்லில் மிகச் சிறிய அளவில் இருப்பவை. ஏணி அழகாக இருந்தும் அவை இல்லாமல் போகலாம். செல்லின் உட்கருவில் இறுகப் பிணைந்த புரதத்தை மென்மையான சலவைப்பொருளால் எடுக்க முயன்றால், சைட்டோபிளாசப் புரதங்களெல்லாம் சாயத்தில் நிறைவாகத் தெரியும். தேடும் புரதம் மட்டும் மையவிலக்கில் அடியில் படிந்த வண்டலோடு போயிருக்கும். பல முறை செல்சவ்வைக் கடந்து செல்லும் செல்சவ்வுப் புரதங்களை 95 டிகிரியில் சூடாக்கினால் அவை திரண்டு ஜெல்லின் வாயிலிலேயே நின்றுவிடக்கூடும். இத்தகைய இழப்புகளுக்குப் பான்சோ எஸ் சாட்சி சொல்லாது. வண்டலையும் ஒரு தடத்தில் ஏற்றிப் பார்ப்பதுதான் வழி.

சவ்வைப் பொறுத்தும் இதன் தரம் மாறுகிறது. நைட்ரோசெல்லுலோஸில் பின்னணி வேகமாக வெளுத்துப் பட்டைகள் துல்லியமாக நிற்கின்றன. பிவிடிஎஃப்பில் அந்தத் துல்லியம் சற்றுக் குறைவு, பட்டைகளும் விரைவில் மங்குகின்றன. நேர்மின் ஏற்றமுள்ள நைலான் சவ்வில் சாயம் சவ்வோடே ஒட்டிக்கொள்வதால் பயன்படாது. நிறம் நிலையாக நிற்காது என்பதால், பின்னணி வெளுத்தவுடன் தாமதிக்காமல் படம் எடுக்க வேண்டும். வெள்ளொளியில் எடுத்த படமோ, நெகிழித் தாளுக்கு நடுவே வைத்து ஸ்கேன் செய்ததோ போதும். ஒளிர்வுச் சாயம் பூட்டிய எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எஞ்சியிருக்கும் பான்சோ எஸ் பின்னணி ஒளிர்வைக் கூட்டக்கூடும், ஆகவே அவர்கள் மிக முழுமையாகக் கழுவ வேண்டும் அல்லது வேறு சாயத்தை நாட வேண்டும்.

மாற்றுச் சாயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமிடோ பிளாக் இதைவிட உணர்திறன் கூடியது. டோபினின் 1979 கட்டுரையிலேயே சவ்வுக்குச் சாயமேற்ற அது பயன்பட்டது. ஆனால் எளிதில் நீங்காது. கூமாசி நீலம் ஜெல்லுக்கு உரியது. நைட்ரோசெல்லுலோஸில் பின்னணி கறுத்துவிடும். சைப்ரோ ரூபி ஒளிர்வுச் சாயம் சில நானோகிராம் அளவையும் காட்டும்; லை-கார் நிறுவனத்தின் ரிவர்ட் சாயம் அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியில் அளவிடுபவர்களுக்குப் பொருந்தும்; இவற்றுக்கெல்லாம் உரிய படக்கருவி வேண்டும். பயோ-ராட் நிறுவனத்தின் ஸ்டெயின்-ஃப்ரீ ஜெல்கள் தனிச் சாயமே இல்லாமல், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தோடு வினைபுரியும் சேர்மத்தைப் புறஊதா ஒளியில் தூண்டிப் புரதத்தைக் காட்டுகின்றன; ஜெல், சவ்வு இரண்டையும் பார்க்க முடிவது பெரிய வசதி, டிரிப்டோஃபான் இல்லாத புரதங்கள் தெரியாது என்பது குறை. அளவை நுட்பமாக ஒப்பிடுவது நோக்கமென்றால் இவற்றை நான் மறுக்கமாட்டேன். ஆனால் சிக்னல் எங்கே தொலைந்தது என்ற கேள்விக்கு நுட்பம் தேவையில்லை, உடனடித்தன்மை தேவை. வெறும் கண்ணால் பார்த்து, அங்கேயே முடிவெடுத்து, அதே சவ்வோடு தொடர முடிவதில் பான்சோ எஸ்ஸுக்கு ஈடில்லை.

தயார்நிலைக் கரைசலா, தூளா என்பதில் தரத்தில் நான் வேறுபாடு காணவில்லை. தூளைக் கரைத்து வடிகட்டினால் அதே கரைசல்தான். தயார்நிலைக் கரைசலின் நன்மை, யார் செய்தாலும் அடர்த்தி மாறாது என்பது. பலர் பகிர்ந்து வேலை செய்யும் ஆய்வகத்தில் அது சிறு விஷயமல்ல. பயன்படுத்தும் முறை எளிது: சவ்வை நீரில் ஒருமுறை அலசி, மூழ்குமளவு சாயம் ஊற்றி, ஐந்து நிமிடம்வரை மெதுவாக ஆட்டி, பின்னணி வெளுக்கும்வரை நீரில் கழுவ வேண்டும். தடங்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளவும், சவ்வைத் துண்டாக வெட்டி வெவ்வேறு எதிர்ப்பொருளுக்குக் கொடுப்பதாயின் எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கவும் இதுவே சரியான நேரம். படம் எடுத்தபின் டிபிஎஸ்டியில் கழுவினால் நிறம் நீங்கும். பிடிவாதமாக நிற்கும் கறையை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் சில நொடிகள் மட்டும் காட்டி, உடனே நீரில் நன்றாக அலச வேண்டும்.

பயன்படுத்திய சாயத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றிப் பலமுறை பயன்படுத்துவது பல ஆய்வகங்களில் உள்ள வழக்கம். சாயமும் அதைத் தாங்குகிறது. ஆனால் முந்தைய சவ்வுகளிலிருந்து உதிர்ந்த புரதமும் தூசும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அடியில் படிவு தென்பட்டாலோ, நன்றாக அறிந்த மாதிரியின் பட்டைகள் வழக்கத்தைவிட வெளிறினாலோ கரைசலை மாற்றிவிட வேண்டும். வலுவிழந்த சாயம் நல்ல சவ்வையும் வெறுமையாகக் காட்டி, நடக்காத ஒரு இடமாற்றப் பிழையைத் தேடவைக்கும். பாட்டிலில் திறந்த தேதியை எழுதி வைப்பதும், ஐயம் எழும்போது சிறு சவ்வுத் துண்டில் அளவு தெரிந்த பிஎஸ்ஏ துளிகளை வைத்துச் சாயமேற்றிப் பார்ப்பதும் இதற்குப் போதுமான பாதுகாப்பு. ஒரு மைக்ரோகிராம் துளி தெளிவாகச் சிவக்காத கரைசலை மேற்கொண்டு நம்பக்கூடாது.